டூப்ளிகேட் டிவி கேமைச் சேர்த்து வைப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

12 அக்டோபர் 2024, மஞ்சக்குப்பம் வாசகர் கேட்டது

ஆயுத பூஜைக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது சின்ன வயசில் ஆடிய டிவி கேம் கிடைத்தது. மேலே 'லிட்டில் மாஸ்டர்' என்று போட்டிருக்கிறது. இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, மூன்று கேம் கேசட். பழைய கேம் சேர்க்கும் பழக்கத்தை இதிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று ஆசை. ஆனால் நெட்டில் எல்லாரும் ஜப்பான் ஒரிஜினலை அடுக்கி வைத்துப் படம் போடுகிறார்கள். நம்ம ஊரில் விற்றதெல்லாம் டூப்ளிகேட்தானே? இதைக் காயலான் கடையில் போட்டுவிட்டு ஒரிஜினல் ஒன்று வாங்குவதுதான் சரியா?

12 அக்டோபர், இரவு

போடாதீங்க தம்பி.

நின்டெண்டோ தன் ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டியை ஜப்பானில் விற்க ஆரம்பித்தது 1983 ஜூலையில். அது நேராக மஞ்சக்குப்பத்துக்கோ முத்தியால்பேட்டைக்கோ வரவில்லை. தைவானில் அதன் சிப்பைப் பார்த்துச் செய்தார்கள், அதைப் பெட்டியில் போட்டு ஊர் ஊருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ரஷ்யாவில் அது டென்டி. இங்கே லிட்டில் மாஸ்டர், மீடியா என்று பல பெயர். ரஷ்யாக்காரர் டென்டியைத் தேடித் தேடிச் சேர்க்கிறார், அதைப் பற்றி வெட்கப்படுவதில்லை. நாம் மட்டும் ஏன் ஜப்பான்காரருடைய பால்ய காலத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

ஒரிஜினல் ஃபேமிகாம் பல லட்சம் வீடுகளில் பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஜப்பானில் ஆள் இருக்கிறது. கடலூரில் 1990-களில் என்ன பெட்டி விற்றது, எந்த கேசட் ஓடியது என்று எழுத யார் இருக்கிறார்கள்? என் அலமாரியில் முக்கால்வாசி டூப்ளிகேட்தான். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

13 அக்டோபர்

அவசரமாக ஒன்று. அந்தப் பெட்டியோடு இருந்த அடாப்டரை இன்னும் சொருகவில்லை என்று நம்புகிறேன்.

மல்டிமீட்டரில் பாருங்கள். 9 வோல்ட் என்று எழுதியிருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர், சுமை இல்லாதபோது 12-க்கு மேலேயும் காட்டும். அதில் பயமில்லை, உள்ளே 7805 ரெகுலேட்டர் இருக்கும், 5 வோல்ட்டாக இறக்கிக்கொள்ளும், கொஞ்சம் சூடாகும். பயம் பிளக்கின் நடு முனையில்தான். ஃபேமிகாமில் நடு முனை மைனஸ். டூப்ளிகேட் பெட்டிகளில் அப்படியும் இருக்கும், மாற்றியும் இருக்கும். நம் வீடுகளில் கிடக்கும் மோடம் அடாப்டர் பெரும்பாலும் நடுவில் பிளஸ். பெட்டியின் அடியில் குறியீடு போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் திறந்து உள்பலகையில் ஓடும் செம்புக் கோட்டைப் பின்தொடருங்கள்.

ஜப்பானிலிருந்து ஒரிஜினல் வரவழைக்கும் ஆசை இன்னும் இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அதன் அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230-இல் சொருகினால் ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

14 அக்டோபர்

இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள்: "இதெல்லாம் செல்போனில் இலவசமாக ஓடுதே அண்ணே, எதுக்கு இவ்வளவு பாடு?"

ஓடுது. நானும் பஸ்ஸில் ஆடுகிறேன். பாட்டு கேட்க செல்போன் போதும் என்று வீட்டு வீணையை யாரும் விறகாக்குவதில்லை.

14 அக்டோபர், மறுபடியும்

ஆயுத பூஜைக்கு கன்சோலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் படம் போட்ட லாஸ்பேட்டை நண்பரே, பக்தி சரி. கேசட் சொருகும் வாய்க்குள் விபூதி தெரிகிறது. அதை முதலில் பிரஷ்ஷால் எடுங்கள்.

27 அக்டோபர், ஞாயிறு

பாண்டியில் தீபாவளிக்கு முந்தின சண்டே மார்க்கெட். காந்தி வீதியில் நடக்க இடமில்லை. ரெடிமேட் துணிக்காரர்கள் எல்லா இடத்தையும் பிடித்துவிட்டார்கள், பழைய சாமான் விரிப்பவர்கள் ஓரமாக ஒதுங்கிவிட்டார்கள். அப்படியும் ஒரு சாக்கின் மேல், ரிமோட் குவியலுக்கு நடுவில், கேசட் ஆறேழு கிடந்தது.

'9999999 இன் 1' ஒன்று. தெரியாதவர்களுக்கு: அதில் அத்தனை லட்சம் கேம் கிடையாது. சில கேம்தான். அதே மரியோவை இரண்டாவது கட்டத்திலிருந்து ஆரம்பித்து ஒரு நம்பர், உயரமாகக் குதிக்க வைத்து ஒரு நம்பர். சின்ன வயசில் ராத்திரி உட்கார்ந்து நாலாயிரத்தைத் தாண்டி ஏதாவது புதுசு வருமா என்று தேடாதவர் உண்டா? ஒரிஜினல் சூப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட். இன்று நாம் அனுப்பும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிசு.

வாங்கும்போது நான் பார்ப்பது:

கேசட்டின் தங்கநிறக் கால்கள் பச்சை பூத்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்வேன், விட்டுவிட மாட்டேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸ் நாலு தேய்ப்பில் பெரும்பாலும் சரியாகிவிடும். வாயால் ஊதுவதை நிறுத்துங்கள். ஊதினால் வேலை செய்ததே என்பீர்கள். வேலை செய்தது ஊதினதால் இல்லை, எடுத்துத் திரும்பச் சொருகினதால். ஊதினதில் மிச்சமானது எச்சில் ஈரம் மட்டும். இந்தக் கடற்கரை உப்புக் காற்றோடு அதுவும் சேர்ந்தால் கால் அரிப்பது நிச்சயம்.

லேபிள் படத்தை நம்ப மாட்டேன். வெளியே ஒரு ஹாலிவுட் ஹீரோ துப்பாக்கியோடு நிற்பார், உள்ளே டேங்க் கேம் இருக்கும்.

திறந்து பார்த்தால் பெரும்பாலும் சிப்பே தெரியாது. கறுப்பாக ஒரு பொட்டு, சிப்பை மூடிய எபாக்ஸி பசை. அது செத்தால் செத்ததுதான், மாற்ற வழியில்லை. அதனால்தான் ஓடுகிற நாளிலேயே உள்ளே இருப்பதைப் படித்துக் கோப்பாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆறேழில் நாலு எடுத்தேன். கடைக்காரர் மீதியையும் சும்மா தந்தார், "எடுத்துட்டுப் போ சார், பசங்க யாரும் சீண்ட மாட்டேங்கறாங்க" என்று.

3 நவம்பர்

காண்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை கேமைப் பற்றிய வாக்குவாதத்தை நான் வெளியூர் போயிருந்த நேரத்தில் இந்த இழையில் இவ்வளவு தூரம் வளர்த்துவிட்டீர்கள்.

வில்லியனூர்க்காரர் சொல்கிறார், முதல் கட்டத்துக் காட்டில் இலைகள் காற்றில் ஆடும், பனி மலைக் கட்டத்தில் பனி கொட்டும் என்று. திருப்பாதிரிப்புலியூர்க்காரர் சொல்கிறார், ஒரு இலையும் ஆடாது, அவர் கனவு கண்டிருக்கிறார் என்று. இதற்காக ஒருவரை ஒருவர் "நீ காண்ட்ராவே ஆடினதில்லை" என்கிற அளவுக்குப் போக வேண்டுமா?

இரண்டு பேரும் சரி. 1988-இல் ஜப்பானில் வந்த காண்ட்ரா கேசட்டில், அந்த கேமைச் செய்த கொனாமி தன் சொந்த சிப் ஒன்றைப் போட்டது. அதில் இலை ஆடும், பனி கொட்டும், கட்டத்துக்கு முன்னால் மேப் வரும், நடுநடுவே கதைப் படங்களும் உண்டு. அதே வருஷம் அமெரிக்காவுக்கு அனுப்பியதில் அந்த சிப் இல்லை, அதனால் இலை அசையாது. நம் ஊருக்கு வந்த டூப்ளிகேட் கேசட்டுகள் சிலது ஜப்பான் பதிப்பிலிருந்து எடுத்தது, சிலது அமெரிக்கப் பதிப்பிலிருந்து. எது யார் வீட்டுக்கு வந்தது என்பது கடைக்காரர் எங்கே சரக்கு எடுத்தார் என்பதைப் பொறுத்தது.

அதனால் இரண்டு பேரும் தத்தம் கேசட்டைத் திறந்து உள்பலகையின் படத்தைப் போடுங்கள். எனக்கு அதுதான் வேண்டும். ஒரே வட்டாரத்தில் இரண்டு பதிப்பும் ஓடியிருக்கிறது என்பது இந்தச் சண்டை இல்லாமல் தெரிந்தே இருக்காது.

10 நவம்பர்

பாண்டிக்காரர்கள் மட்டும் பேசக்கூடிய ஒரு விஷயத்தை யாராவது எடுப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை, நானே எழுதுகிறேன்.

சொல்தா வீடுகள். தாத்தாவுக்குப் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன், சித்தப்பா பிள்ளைகள் பாரிஸில். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் சாக்லேட், சென்ட், அப்புறம் பையன் ஆடிச் சலித்த கன்சோல். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீடு. 1990-களின் நடுவில் அந்த வீட்டில்தான் நான் முதல் முதலில் அசல் நின்டெண்டோவை, அதாவது ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவத்தை, பார்த்தேன். பார்த்தது மட்டும்தான், ஆடவில்லை. யாராலும் ஆட முடியவில்லை.

காரணம் பிளக். பிரான்சில் நின்டெண்டோ 1987-இல் விற்பனைக்கு வந்தது. அங்கே அப்போது டிவி முறை செகாம் (SECAM), நம்முடையது பால் (PAL). அந்தக் காலத்தில் அந்த ஊர் டிவிகளில் 21 கால் கொண்ட ஸ்கார்ட் சாக்கெட் கட்டாயம் இருந்தது, அவர்கள் அதைப் பெரிடெல் என்பார்கள். அதனால் அந்த ஊர் நின்டெண்டோவில் ஆன்டெனா வயருக்கு வழியே வைக்கவில்லை, ஸ்கார்ட் வழியாக ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக. நம் ஊர் டிவியில் ஸ்கார்ட் ஏது? அந்த அகலமான பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு டிவியின் பின்னால் தடவித் தடவிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கடைசியில் அது ஷோகேஸில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

கேசட்டும் ஒத்துவராது. நம் கேசட்டுக்கு 60 கால், அதற்கு 72. 60-ஐ 72 ஆக்கும் அடாப்டர் போட்டாலும் உள்ளே ஒரு பூட்டு சிப் இருக்கிறது. சரியான நாட்டுச் சாவி சிப் கேசட்டில் இல்லையென்றால் சிவப்பு விளக்கு நொடிக்கு ஒரு தடவை கண் சிமிட்டும், படம் வரவே வராது. டூப்ளிகேட்டுக்கு இந்தக் கௌரவமெல்லாம் கிடையாது, எதைச் சொருகினாலும் ஓடும்.

இப்போது அந்த கன்சோல் என்னிடம் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் வீட்டை விற்றபோது கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஸ்கார்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சின்னப் பெட்டி ஆன்லைனில் கிடைக்கிறது, அதைப் போட்டு ஓட்டிவிட்டேன். உங்கள் உறவினர் யார் வீட்டிலாவது 'ஓடாத' பிரெஞ்சு நின்டெண்டோ, சேகா கம்பெனியின் பிரெஞ்சு மெகா டிரைவ் இருந்தால் அது பெரும்பாலும் நல்லாவே இருக்கும். பிளக்தான் பொருந்தியிருக்காது. அதிகம் ஓட்டாததால் உள்ளே புதுசு போல இருக்கவும் வாய்ப்பு உண்டு.

11 நவம்பர்

மெகா டிரைவ் என்றதும் நினைவுக்கு வந்தது. 1995 வாக்கில் இந்தியாவில் சேகாவை அதிகாரபூர்வமாக விற்ற நிறுவனம் எது தெரியுமா? ஷா வாலஸ். ஆமாம், பீர் கம்பெனி ஷா வாலஸ். 80 சதவீத இறக்குமதி வரியைச் சுற்றிக்கொண்டு போக அந்த ஏற்பாடு. விலை 18,000 ரூபாய்.

பாண்டியில் இருந்துகொண்டு எத்தனையோ பேர் ஷா வாலஸுக்கு எவ்வளவோ கொடுத்திருப்பார்கள், ஆனால் மெகா டிரைவ் வாங்கினவரை நான் பார்த்ததில்லை. இருந்தால் கை தூக்குங்கள்.

29 நவம்பர்

புயல் வருகிறது. தரையில் இருக்கும் அட்டைப் பெட்டிகளை மேலே ஏற்றுங்கள். அடாப்டர்களைப் பிடுங்குங்கள். மீதி அப்புறம்.

5 டிசம்பர்

கரண்ட் வந்துவிட்டது. ஃபெஞ்சல் புயல் இங்கே பாண்டியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை வெளியே கொண்டுவந்தது. கடலூர்ப் பக்கம் அதற்கப்புறம் தென்பெண்ணையில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாரும் நலமாக இருக்கிறீர்களா என்று முதலில் சொல்லுங்கள், கேசட்டை அப்புறம் பார்க்கலாம்.

6 டிசம்பர்

சரி, கேட்டவர்களுக்காக.

நனைந்த எதையும் 'வேலை செய்கிறதா' என்று பார்க்கக் கரண்ட் கொடுக்காதீர்கள். தண்ணீர் அந்த நேரத்தில் செய்யும் கெடுதல் குறைவு. ஈரத்தோடு கரண்ட் பாயும்போதுதான் செம்பு கரைந்து போகிறது. பேட்டரி இருந்தால் முதலில் அதை எடுங்கள். சேமித்த கேமுக்காக வட்ட பேட்டரி போட்ட கேசட்டுகள் உண்டு, அதுவும் சேர்த்தி.

அப்புறம், கேட்க ஒரு மாதிரி இருக்கும், பலகையைத் திரும்பவும் கழுவணும். வெள்ளத்துத் தண்ணீரில் சேறு, உப்பு, சாக்கடை எல்லாம் உண்டு, அது காய்ந்து படிந்தால் பிறகு கஷ்டம். டிஸ்டில்ட் வாட்டர், பழைய டூத் பிரஷ், கடைசியில் ஐசோபுரொப்பைல். அதன் பிறகு ஃபேனுக்குக் கீழே சில நாள் விட்டுவிடுங்கள். வெயிலில் வேண்டாம், பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். அரிசி மூட்டைக்குள் புதைக்கிற வைத்தியமும் வேண்டாம், அரிசித் தூசிதான் மிச்சம்.

அட்டைப் பெட்டியும் லேபிளும் நனைந்திருந்தால் பிரித்துப் பார்க்க அவசரப்படாதீர்கள். நடுவில் வெள்ளைத் தாள் வைத்து, மேலே லேசாகக் கனம் வைத்து, தாளை மாற்றிக்கொண்டே இருங்கள்.

2011 டிசம்பர் 30, 'தானே' என்று பெயர் வைத்த புயலில் எங்கள் வீட்டில் கூரையின் ஒரு பக்கம் போய் அலமாரி முழுக்க நனைந்தது. அப்போது பிழைத்தவை டூப்ளிகேட் பெட்டிகள்தான். உள்ளே மொத்தமே ஒரு சின்னப் பலகை, கையளவு பாகங்கள், கழுவினால் ஓடிவிட்டது. ஒரு கையடக்க சேகா கேம் கியர் மட்டும் ஓடவில்லை. அது வேறு கதை. அதற்குள் இருக்கும் சின்னக் கெபாசிட்டர்கள் புயலே இல்லாவிட்டாலும் தானாகக் கசியும். உலகம் முழுக்க அந்த மாடலுக்கு இதே வியாதிதான்.

இப்போது எல்லாமே மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு, பரணில். இந்த ஊரில் கண்ணாடி ஷோகேஸ் அழகுக்கு மட்டும்தான்.

5 ஜனவரி 2025

மஞ்சக்குப்பம் தம்பியின் பெட்டி பிழைத்துவிட்டதாம். படம் போட்டிருக்கிறார். மஞ்சளாகிவிட்டது, வெள்ளையாக்க வழி கேட்கிறார்.

அது அழுக்கு இல்லை. ஏபிஎஸ் பிளாஸ்டிக், தீப்பிடிக்காமல் இருக்க அதில் புரோமின் சேர்ந்த மருந்து, அதில் பல வருஷம் பட்ட வெளிச்சம். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெள்ளையாகும். பியூட்டி பார்லர் சாமான் கடையில் முடிக்கு விற்கும் கிரீமே போதும். கையுறை போடுங்கள்.

முன்பு நானும் எல்லாவற்றையும் வெள்ளையாக்கினேன். இப்போது செய்வதில்லை. இங்கே வெயில் கடுமை, கிரீம் ஒரு இடத்தில் காய்ந்தால் திட்டுத் திட்டாகப் போகும். வெள்ளையாக்கினதும் சில வருஷத்தில் திரும்ப மஞ்சளாகிறது. மேலும், முப்பது வருஷம் ஜன்னலோரம் இருந்தது என்பது அந்தப் பெட்டியின் மேலேயே எழுதியிருக்கிறதே, அதை ஏன் அழிக்க வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. வில்லியனூர்க்காரர் சிரிப்பார். அவர் தன் வீட்டு ஃபிரிட்ஜையே பெராக்சைடில் வெளுத்தவர்.

19 ஜனவரி

துப்பாக்கி வேலை செய்யவில்லை என்கிறார் தம்பி. எந்த டிவியில்? 43 இன்ச் எல்இடியில். வேலை செய்யாது. துப்பாக்கியில் குறை இல்லை.

வாத்து சுடும் டக் ஹன்ட் கேமில் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, அது பார்க்கிறது. குழாய்க்குள் ஒரு ஒளி உணரி. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். கறுப்பில் இருட்டும் கட்டத்தில் வெளிச்சமும் தெரிந்தால் வாத்து காலி. டியூப் லைட்டைக் காட்டி ஏமாற்றலாம் என்று நாங்கள் பார்த்தோம், அந்தக் கறுப்புத் திரையில் மாட்டிக்கொள்வோம். எல்இடி டிவி படத்தை வாங்கிச் சரிசெய்து காட்டுவதற்குள் அந்தக் கணம் போய்விடும். அதுவும் போக, அந்தத் துப்பாக்கியின் சுற்று நொடிக்குச் சுமார் 15,000 முறை துடிக்கும் வெளிச்சத்தைத்தான் மதிக்கும், அது பழைய டிவியில் கோடு ஓடும் வேகம்.

ஆக, பிக்சர் டியூப் போட்ட பழைய குண்டு டிவி வேண்டும். இங்கேதான் கடலூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் சின்னக் குண்டு டிவிக்கு அலைகிறார்கள். தமிழ்நாட்டில் 2006-இல் ஆரம்பித்த இலவசத் திட்டத்தில் வீடு வீடாக 14 இன்ச் கலர் டிவி கொடுத்தார்கள். அது இன்று பரணில், மாட்டுக் கொட்டகையில், காயலான் கடை வாசலில் கிடக்கிறது. நான் வைத்திருப்பது கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் 200 ரூபாய்க்கு வாங்கியது. முன்பக்கம் ஏவி சாக்கெட் இருக்கிறது, படம் துல்லியம், துப்பாக்கி முதல் சுடுதலிலேயே வேலை செய்தது.

பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிக்சர் டியூப் அணைத்த பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். எல்.ஓ.டி. (பிக்சர் டியூபுக்கு உயர் வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மாற்றத் தெரிந்த மெக்கானிக் லாரன்ஸ் ரோடு பக்கம் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்று கேள்வி. அவர் கடையை மூடுவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது கற்றுக்கொண்டால் தேவலை.

20 ஜனவரி

ஒரிஜினல் ஆசைக்காரர்களுக்கு இன்னும் ஒரு தகவல். நம் பெட்டிகள் நொடிக்கு 50 படம் காட்டும், ஜப்பான் பெட்டி 60. நாம் வளர்ந்த மரியோ கொஞ்சம் மெதுவானவன். போன வருஷம் நண்பர் ஒருவர் வீட்டில் 60-இல் ஓடும் ஃபேமிகாமில் ஆடினேன். பாட்டே அவசரமாகப் போனது. முதல் குழியிலேயே விழுந்தேன், கை எல்லாம் தாமதம். நண்பர் இதுதான் அசல் வேகம் என்றார். இருக்கட்டும்.

9 பிப்ரவரி

கன்சோலை எல்லாரும் தேடுகிறீர்கள், காகிதத்தை யாரும் தேடுவதில்லை. எனக்கு இப்போது கிடைக்காதது அட்டைப் பெட்டி, உள்ளே இருந்த மடித்த தாள், கடை பில், கியாரண்டி கார்டு. 'ஒரு மணி நேரம் 10 ரூபாய், சத்தம் போடாதே' என்று வாடகைக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டை. நேரு வீதியில் எந்தப் பொம்மைக் கடை என்ன விலைக்கு விற்றது என்பது பில் இல்லாமல் எப்படித் தெரியும்?

வில்லியனூர்க்காரர் நேற்று ஒரு பில் அனுப்பினார். 1997. டிவி கேம் ஒன்று, கேசட் இரண்டு, கீழே பேனாவால் 'ரிட்டர்ன் கிடையாது'. இதுவரை இந்த இழையில் வந்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

10 பிப்ரவரி

காலிப் பெட்டியாக இருந்தாலும் சரி, கிழிந்திருந்தாலும் சரி, வாங்கிக்கொள்கிறேன். தபாலில் அனுப்ப வேண்டாம், நசுக்கிவிடும். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் அஜந்தா சிக்னல் பக்கம் இருப்பேன். திருப்பாதிரிப்புலியூர்க்காரர் வந்தால் அந்தக் காண்ட்ரா கேசட்டையும் எடுத்துவரட்டும். உள்பலகைப் படம் இன்னும் வரவில்லை.